நூறு வாகனங்கள், ஒரே மின் இணைப்பு: வாகன நிறுத்தகத்தை மின்னேற்றத்துக்குத் தயார்ப்படுத்தும் முறை

ஒரு கட்டடத்தின் வாகன நிறுத்தகத்தில் மின்னேற்ற வசதி வேண்டும் என்று முதல் ஆள் கேட்கும்போது, பெரும்பாலும் அவருடைய வாகனம் நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள மின்பெட்டியிலிருந்து ஒரு கேபிளை இழுத்துச் சுவரில் ஒரு சார்ஜரை மாட்டிவிடுகிறார்கள். இரண்டாவது ஆளுக்கும் அப்படியே செய்கிறார்கள். ஐந்தாவது ஆறாவது ஆள் வரும்போது அந்த மின்பெட்டியில் இன்னொரு பிரேக்கருக்கு இடமிருக்காது. தூணைச் சுற்றிக் குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கும். எந்தக் கேபிள் யாருடையது என்பது அதை இழுத்த மின்பணியாளருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். முந்தி வந்தவர்கள் கட்டடத்தின் உபரி மின்திறனை எடுத்துக்கொண்டுவிட, பிந்தி வருபவர்களுக்கு 'லோடு இல்லை' என்ற பதில்தான் மிஞ்சும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகம் போன்ற, வாகனங்கள் பல மணிநேரம் நின்றிருக்கும் நிறுத்தகங்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சார்ஜரை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், நாளைக்கு இன்னும் நல்லது வந்தால் மாற்றியும் கொள்ளலாம். ஆனால் அதற்கு மின்சாரம் போய்ச் சேரும் வழியை ஒருமுறைதான் ஒழுங்காகப் போட முடியும். ஆகவே நிறுத்தகத்தைத் தயார்ப்படுத்துவது என்றால் முதன்மையாக அந்த வழியைத் தயார்ப்படுத்துவதே.

தேவையைக் கணக்கிடுதல்

முதல் கணக்கிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். நூறு வாகனங்கள் நிற்கும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட், 32 ஆம்பியர் கொண்ட ஒருமுனைச் சார்ஜர், அதாவது 7.4 கிலோவாட் என்று வைத்துப் பெருக்கினால் 740 கிலோவாட் வருகிறது. அந்த எண்ணைப் பார்த்தவுடன் புதிய டிரான்ஸ்பார்மர், புதிய இணைப்பு என்று பேச்சு போய், திட்டமே கைவிடப்படுகிறது.

இதையே யூனிட்டில் (ஒரு கிலோவாட் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு யூனிட்) கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறாகத் தெரியும். ஒரு வாகனம் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். நடுத்தர அளவுள்ள மின்கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 யூனிட் செலவழிக்கும். நூறு கார்களும் சேர்ந்து ஓடுவது 4,000 கிலோமீட்டர். அதற்கு 640 யூனிட். மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து 700 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு எட்டு மணிநேரத்தில் இதை நிரப்ப 88 கிலோவாட் போதும். முதலில் மிரட்டிய எண்ணில் இது எட்டில் ஒரு பங்குதான். அதுவும் நூறு பேரிடமும் மின்கார் இருக்கும் நாளுக்கான கணக்கு. அலுவலக நிறுத்தகத்தில் வாகனங்கள் பகலில் நிற்பதால், குளிர்சாதனங்கள் உச்சத்தில் ஓடும் அதே நேரத்தில் மின்னேற்றமும் நடக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த 88 கிலோவாட் ஏற்கெனவே கட்டடத்தில் கிடைக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. மாத மின்கட்டணச் சீட்டு இதற்கு விடை சொல்லாது. அரைமணி அல்லது கால்மணி இடைவெளியில் பதிவான மீட்டர் தரவு ஓர் ஆண்டுக்குக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், முதன்மை மின்பலகையில் ஒரு பதிவுக்கருவியைப் பொருத்தி, ஆண்டின் மிகக் கடுமையான பருவத்தில் சில வாரங்களாவது அளக்க வேண்டும். குடியிருப்புகளில் மாலையில் உச்சத்தைத் தொடும் மின்பளு நள்ளிரவுக்குப் பின் வெகுவாக இறங்கிவிடும். அந்தப் பள்ளத்தில்தான் உங்கள் வாகனங்களுக்கான மின்சாரம் பெரும்பாலும் இருக்கிறது.

எந்த வேகத்தில் மின்னேற்றுவது என்பதை வாகனங்கள் நிற்கும் நேரத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். 230 வோல்ட், 16 ஆம்பியரில் கிடைக்கும் 3.7 கிலோவாட் பத்து மணிநேரத்தில் 37 யூனிட் தரும். அது 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடப் போதும். மும்முனை 11 கிலோவாட், 22 கிலோவாட் சார்ஜர்களை மாட்டினாலும், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் கருவி வாகனத்துக்குள்ளேயே இருப்பதால், அதன் திறனுக்கு மேல் வாகனம் எடுத்துக்கொள்ளாது. 7.4 கிலோவாட்தான் வாங்கும் என்ற வாகனத்துக்கு 22 கிலோவாட் சார்ஜர் வைப்பதில் பயனில்லை. 50 கிலோவாட்டிலும் அதற்கு மேலும் ஓடும் நேர்மின்னோட்ட வேகச் சார்ஜர்களுக்கு இரவெல்லாம் வாகனம் நிற்கும் நிறுத்தகத்தில் வேலையே இல்லை என்பது என் கருத்து. அரைமணியில் வாகனத்தை நகர்த்த நள்ளிரவில் யாரும் எழுந்து வரப் போவதில்லை.

வழியைப் போடுதல்

இன்றைக்கு இருபது வாகனங்களுக்கு மட்டுமே சார்ஜர் தேவைப்பட்டாலும், குழாய்களும் கேபிள் டிரேக்களும் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரும்படி வடிவமைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய கட்டட ஆற்றல் நெறிமுறையும் இதே தருக்கத்தைத்தான் பின்பற்றுகிறது: மூன்றுக்கு மேற்பட்ட நிறுத்துமிடங்கள் கொண்ட புதிய குடியிருப்புகளில் குறைந்தது பாதி இடங்களுக்குக் கேபிளையும், மீதி இடங்களுக்குக் குழாயையும் கட்டும்போதே போட்டுவிட வேண்டும் என்கிறது. கட்டுமானத்தின்போது தளத்தில் பதிக்கப்படும் வெற்றுக்குழாய்க்கு ஆகும் செலவையும், பின்னாளில் அதே தளத்தைத் துளைத்துப் பூசுவதற்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இதைப் பற்றி வாதிடுவதில்லை.

முதன்மை மின்பலகையிலிருந்து மின்னேற்றத்துக்கென்றே தனி மின்பாதை ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு தளத்திலும் ஒரு பகிர்மானப் பலகையை வைப்பது நல்ல அமைப்பு. அந்தப் பலகையில் இன்றைய தேவையைப் போல இரண்டு மூன்று மடங்கு பிரேக்கர்களுக்கு வெற்றிடம் இருக்கட்டும். நீண்ட வரிசைகளில் தனித்தனிக் கேபிள்களுக்குப் பதிலாகப் பஸ்பார் டிரங்கிங்கை, அதாவது உறைக்குள் உலோகப் பட்டைகள் வழியே மின்சாரம் செல்லும் பாதையை, ஓடவிட்டால், தேவைப்படும் இடத்தில் ஓர் இணைப்புப் பெட்டியைச் செருகிச் சார்ஜரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆரம்பச் செலவு கூடினாலும், ஐம்பதாவது சார்ஜரைச் சேர்க்கும் நாளில் அதன் அருமை தெரியும்.

கேபிளின் தடிமனைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை மறக்கக் கூடாது. 32 ஆம்பியர் ஓடும் ஒருமுனை இணைப்பு 50 மீட்டர் போக வேண்டுமானால், 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் சுமார் 11.7 வோல்ட் இறங்கிவிடும். அது 230இல் 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 7 வோல்ட், ஏறத்தாழ 3 விழுக்காடு. இதோடு, ஒரே டிரேயில் பல கேபிள்கள் நெருங்கிப் படுத்திருந்தால் அவற்றின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தாங்குதிறன் குறையும். சார்ஜர் என்பது மிக்சியைப் போல ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் பளுவன்று; முழு மின்னோட்டத்தில் மணிக்கணக்காக ஓடும் பளு. ஆகவே வீட்டுச் சுற்றுகளுக்குக் கைக்கணக்காகச் சொல்லும் தடிமன் இங்கே செல்லாது.

குழாய்களில் உட்பரப்பின் 40 விழுக்காட்டுக்கு மேல் கேபிள் நிரப்பாமலும், இரண்டு இழுப்புப் பெட்டிகளுக்கு இடையில் நான்கு செங்கோண வளைவுகளுக்கு மேல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றுக்குழாய் ஒவ்வொன்றிலும், பின்னாளில் கேபிளை இழுக்க, ஒரு நைலான் கயிற்றை விட்டு, இருமுனைகளிலும் எண் எழுதி மூடியிட்டு வையுங்கள். கயிறில்லாத குழாய், அதிலும் சிமெண்டுப் பால் இறங்கி இறுகிப்போன குழாய், வரைபடத்தில் மட்டும் இருக்கும் குழாய்தான்.

பழைய கட்டடத்தில் தளத்தைத் துளைக்க வேண்டி வந்தால், அது இழுவிசையேற்றப்பட்ட கம்பிகள் கொண்ட கான்கிரீட் தளமா என்பதை முதலில் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாகன நிறுத்தகங்களில் தூண்களுக்கு இடையே அதிக இடைவெளி தேவைப்படுவதால் இவ்வகைத் தளங்கள் நிறையவே உண்டு. அந்தக் கம்பி ஒன்றைத் துளைக்கருவி அறுத்துவிட்டால், அடைபட்டிருந்த விசை ஒரே நொடியில் விடுபட்டு ஆளையும் அடிக்கும், தளத்தின் வலுவையும் குறைக்கும். ரேடார் கருவியால் தளத்தை வருடிப் பார்த்துக் கம்பிகளின் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்த பிறகே துளையிட வேண்டும். தீத்தடுப்புச் சுவர்களிலும் தளங்களிலும் போடும் ஒவ்வொரு துளையையும், கேபிள் போன பிறகு தீத்தடுப்புப் பூச்சால் அடைக்க வேண்டும்.

வாகனங்களின் எடை பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மின்கார்கள் அதே அளவுள்ள பெட்ரோல் கார்களைவிடக் கனமானவைதான். இரண்டு டன் எடையுள்ள காரை 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர் இடத்தில் நிறுத்தினால் சதுர மீட்டருக்குச் சுமார் 174 கிலோ வருகிறது. கார் நிறுத்தகங்களுக்குப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் வடிவமைப்புப் பளு சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 255 கிலோ. எனவே நல்ல நிலையிலுள்ள தளம் அஞ்ச வேண்டியதில்லை. பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் தளமானால், மின்கார் வருகிறதோ இல்லையோ, பொறியாளரை அழைக்க வேண்டிய நேரம் ஏற்கெனவே வந்துவிட்டது.

பளுவைப் பங்கிடுதல்

மேலே கணக்கிட்ட 88ஐ முழுமையாக்கி 90 கிலோவாட் கிடைக்கிறது என்று கொண்டால், அதை நூறு வாகனங்களுக்கிடையே பங்கிடும் வேலையைப் பளு மேலாண்மைக் கருவி செய்கிறது. கட்டடத்தின் உள்வரும் இணைப்பில் மின்னோட்ட உணரிகளைப் பொருத்தி, அந்த நொடியில் வீடுகள் எடுத்துக்கொண்டது போக மீதியைக் கணக்கிட்டு, சார்ஜர்களுக்கு 'இவ்வளவு ஆம்பியருக்கு மேல் வேண்டாம்' என்று அது சொல்லும். சார்ஜர் அதை வாகனத்திடம் சொல்லும் முறையை ஐ.இ.சி. 61851 என்ற பன்னாட்டு மின்தொழில்நுட்பத் தரநிலை வகுத்திருக்கிறது.

இங்கே திட்டமிடுபவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த முறையில் சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு 6 ஆம்பியர். அதற்குக் கீழே நிறுத்தி வைக்கத்தான் முடியும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்பது 1.4 கிலோவாட். எனவே 90 கிலோவாட்டில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 65 வாகனங்களுக்குத்தான் மின்சாரம் கொடுக்க முடியும். மற்றவை வரிசையில் காத்திருக்க வேண்டும். கருவி சுழற்சி முறையில் ஒவ்வொன்றாக நிறுத்தித் தொடங்கும். ஆனால் சில வாகனங்கள், நீண்ட நேரம் மின்சாரம் வராவிட்டால் உறக்கநிலைக்குப் போய், பிறகு அழைத்தாலும் எழுவதில்லை. காலையில் உரிமையாளர் வந்து பார்க்கும்போது பேட்டரி நேற்றிருந்த அளவிலேயே இருக்கும். இதற்காக, கருவியை ஏற்றுக்கொள்ளும் முன் உங்கள் நிறுத்தகத்தில் உண்மையில் உள்ள வாகன வகைகளைச் செருகி, நிறுத்தி, அரைமணி கழித்து மீண்டும் தொடங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முனைகளின் (ஃபேஸ்களின்) சமநிலை. மும்முனை இணைப்பு கொடுத்த சார்ஜரில் ஒருமுனை வாகனத்தைச் செருகினால், அது சார்ஜரின் முதல் முனையிலிருந்து மட்டுமே எடுக்கும். எல்லாச் சார்ஜர்களையும் ஒரே வரிசையில் இணைத்திருந்தால், முப்பது வாகனங்களும் கட்டடத்தின் ஒரே முனையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மற்ற இரண்டு முனைகளும் சும்மா இருக்க, முதன்மை பிரேக்கர் விழும். முதல் சார்ஜரில் ஒன்று-இரண்டு-மூன்று, அடுத்ததில் இரண்டு-மூன்று-ஒன்று, அதற்கடுத்ததில் மூன்று-ஒன்று-இரண்டு என்று முனைகளைச் சுழற்றி இணைப்பதோடு, அந்த வரிசையைப் பளு மேலாண்மைக் கருவியிலும் பதிவு செய்ய வேண்டும். கம்பியில் சுழற்றிவிட்டுக் கருவியில் பதியாமல் விடுவதுதான் நடைமுறையில் அதிகம் காணப்படும் தவறு.

தகவல் தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். தொடர்பு அறுந்த சார்ஜர், முன்பே நிர்ணயித்த குறைந்த மின்னோட்டத்துக்குத் தானாக இறங்க வேண்டும். முழு வேகத்துக்கு ஏறும் கருவியை வாங்கக் கூடாது. சார்ஜர்கள் ஓ.சி.பி.பி. எனும் திறந்த நெறிமுறையில் பேசுபவையாக இருந்தால், நாளை ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் வேறொன்றின் மென்பொருளுக்கு மாறிக்கொள்ளலாம்.

அடித்தளத்தில் கைப்பேசி அலை வருகிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டே மற்ற முடிவுகளுக்கு வாருங்கள். செயலியைத் திறந்தால்தான் மின்சாரம் வரும் என்ற சார்ஜரை அலையெட்டாத இரண்டாம் அடித்தளத்தில் மாட்டிவிட்டால், ஒவ்வொருவரும் காரைச் செருகிவிட்டுச் சரிவுப்பாதையில் பாதிதூரம் ஏறி நின்று பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி இறங்க வேண்டியிருக்கும். மின்கேபிள் போகும் வழியிலேயே தனிக் குழாயில் தரவுக் கேபிளையும் இழுத்து, அட்டையைத் தொட்டுத் தொடங்கும் வசதியையும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இடத்தில் பொருத்துதல்

சார்ஜரை இரண்டு நிறுத்துமிடங்களுக்கு நடுவே, தூணிலோ பின்சுவரிலோ வைப்பது உத்தமம். மின்னேற்றத் துளை சில வாகனங்களில் மூக்கிலும், சிலவற்றில் முன்சக்கரத்தின் மேலும், சிலவற்றில் பின்பக்கத்தில் இடப்புறத்திலோ வலப்புறத்திலோ இருக்கும் என்பதால், ஐந்து மீட்டர்க் கேபிள் இருந்தால் பெரும்பாலானவற்றை எட்டலாம். எட்டுகிறதா என்பதோடு, எட்டும்போது கேபிள் நடைபாதையின் குறுக்கே கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். கைப்பிடியும் திரையும் தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் எட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களில் சிலவற்றையாவது முதல் கட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னோக்கி வரும் வாகனம் இடிக்காமல் இருக்கச் சக்கரத் தடுப்பும் இரும்புக் குட்டைத்தூணும் தேவை. மேலே போகும் கேபிள் டிரே உத்தரத்துக்குக் கீழே தொங்கி, உயரமான வாகனத்தின் கூரையில் உரசக் கூடாது; டிரேயை ஓடுபாதைக்கு மேலே விடாமல் வாகனங்களின் முகப்புக்கு மேலே சுவரோரமாகக் கொண்டுபோனால் உயரச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

மழைநீர் புகக்கூடிய அடித்தளமாக இருந்தால், இதுவரை நீர் ஏறிய உச்ச மட்டத்துக்கு மேலே சார்ஜர்களும் பலகைகளும் இருக்க வேண்டும். பகிர்மானப் பலகையை மிகக் கீழ்த்தளத்தில் வைப்பதைக் கூடுமானவரை தவிருங்கள்.

மின்கசிவும் தீயும்

ஒவ்வொரு சார்ஜருக்கும் தனித்தனியே 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் வேண்டும்; ஒன்றை நான்குக்குப் பொதுவாக வைக்கக் கூடாது. வாகனத்தின் உள்ளே பழுது ஏற்பட்டால் நேர்மின்னோட்டம் கசியக்கூடும். அது சாதாரணத் துண்டிப்பானின் இரும்பு உள்ளகத்தை நிறைவடையச் செய்து, உண்மையான கசிவு வரும்போது அதைச் செயலற்றதாக்கிவிடும். ஆகவே நேர்மின்கசிவையும் உணரும் டைப் பி வகைத் துண்டிப்பானைப் பொருத்த வேண்டும். அல்லது 6 மில்லியாம்பியர் நேர்மின்கசிவைக் கண்டறியும் அமைப்பு சார்ஜருக்குள்ளேயே இருக்கிறது என்பதை ஆவணத்தில் உறுதிசெய்துகொண்டு டைப் ஏ வகையைப் பயன்படுத்தலாம். சுவரிலுள்ள சாதாரண மூன்று பின் சாக்கெட்டில் காரைச் செருகி இரவு முழுவதும் விடுவதற்கு முடிவு கட்டுங்கள். தளர்ந்த இணைப்பில் எட்டு மணிநேரம் ஓடும் மின்னோட்டம் பிளாஸ்டிக்கைக் கருக்கிய வாசனை வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

தீயைப் பற்றிய அச்சம் கூட்டங்களில் முதலில் எழுவது இயல்பே. 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலைய நிறுத்தகத்தில் 1,400க்கும் மேற்பட்ட வாகனங்கள் எரிந்தன. தீ தொடங்கியது ஒரு டீசல் காரில். அங்கே நீர்த்தெளிப்பான்கள் இல்லை. 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் இன்ச்சொன் நகர அடுக்குமாடி ஒன்றின் அடித்தளத்தில் தீப்பிடித்தது மின்கார்தான். ஆனால் அது மின்னேறிக்கொண்டிருக்கவில்லை, வெறுமனே நின்றிருந்தது. அங்கே தெளிப்பான் இருந்தும், நீர் பாயாதபடி நிறுத்தப்பட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் சேதமடைந்தன. இரண்டிலும் பெருஞ்சேதத்துக்குக் காரணம், ஒரு வாகனத்தில் பிடித்த தீயை அதன் எல்லைக்குள் அடக்கத் தண்ணீர் வராததே. இன்றைய வாகனங்களில் பிளாஸ்டிக் கூடிவிட்டதால், அமெரிக்காவின் நீர்த்தெளிப்பான் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 13 நெறிமுறையின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு எல்லா நிறுத்தகங்களின் அபாய வகையையும் ஒரு படி உயர்த்தியது.

பேட்டரித் தீ அணைந்ததுபோல் தோன்றி மீண்டும் பற்றக்கூடியது. அதைக் குளிர்விக்க நீண்ட நேரம் நிறையத் தண்ணீர் வேண்டும். வெளிவரும் வாயுக்கள் நச்சுள்ளவை. அதனால் சார்ஜர்களை வெளியேறும் படிக்கட்டுகளுக்கு அருகே வைக்காமல், கூடுமானவரை நுழைவாயிலுக்கு அருகிலுள்ள தளத்தில் வைப்பது தீயணைப்பாளர்களுக்கும் வாகனத்தை இழுத்து வெளியே எடுப்பவர்களுக்கும் உதவும். எல்லாச் சார்ஜர்களையும் ஒரே அடியில் நிறுத்தும் சுவிட்ச் ஒன்று நுழைவாயிலில் இருக்கட்டும். தெளிப்பான் வால்வு திறந்திருக்கிறதா, புகை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா என்பதை மாதந்தோறும் பார்த்துக் கையெழுத்திடும் ஏற்பாடு, எந்தப் புதிய கருவியையும்விட அதிகப் பலன் தரும்.

கணக்கும் ஒப்படைப்பும்

அவரவர் வீட்டு மீட்டரிலிருந்தே கேபிள் இழுத்தால் கணக்கு எளிது, ஆனால் பளுவைப் பொதுவாகப் பங்கிட முடியாது. மாடியிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அடித்தளத்துக்கும் இடையே தனிக் கேபிள் ஓட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வாகனங்களுக்கு மேல் வரக்கூடிய இடத்தில் பொதுப் பலகையும், சார்ஜருக்குச் சார்ஜர் சான்றளிக்கப்பட்ட மீட்டரும் வைத்து, யூனிட் கணக்கில் வசூலிப்பதே சச்சரவில்லாதது. மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை வைத்தால், குறைவாக ஓட்டுபவர் அதிகம் ஓட்டுபவருக்காகக் கட்டுகிறார் என்ற பேச்சு மூன்றாவது மாதத்திலேயே கிளம்பிவிடும். பொதுவாகப் பகிரும் இடங்களில், மின்னேற்றம் முடிந்த வாகனம் எவ்வளவு நேரத்தில் நகர வேண்டும் என்பதையும் முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில், ஒவ்வொரு சார்ஜரிலும் எர்த்திங் தடையையும் மின்கசிவுத் துண்டிப்பானின் நேரத்தையும் அளந்த பதிவைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து, நள்ளிரவில் வாகனங்கள் மின்னேறிக்கொண்டிருக்கும்போதே வெப்பப்படக் கருவியால் பலகைகளையும் கேபிள் இணைப்புகளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். முதல் வெப்பச் சுழற்சிகளில் தளரும் திருகுகள் அப்போதுதான் தெரியும். அவற்றை உற்பத்தியாளர் சொன்ன முறுக்குவிசையில் மறுபடி இறுக்க வேண்டும். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தச் சார்ஜர் எந்த முனையில் தொடங்குகிறது, எத்தனை வெற்றிடங்கள் மீதி என்பதைக் காட்டும் வரைபடத்தின் ஒரு படி, உறையிட்டுப் பகிர்மானப் பலகையின் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு புதிய சார்ஜருக்கும் அந்தப் படியிலேயே தேதியுடன் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்.